தீர்த்தம் பட்ட பீப்பா

1

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல இருக்கிறவர்கள் அதற்குப் பிறகு சொல்லட்டும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்கரைப் பிள்ளையாகப் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஜேர்மனிக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு செபமாலையும் மாற்றிப் போட ஒரு காற்சட்டையும்தான் இருந்தன. நான் இருக்கிற இந்த ஊர் செக் நாட்டு எல்லையோரம். ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு பீங்கான் தொழில். அகதி முகாமை விட்டு வெளியே வந்த கையோடு ஒரு தொழிற்சாலையில் சூளையடியில் வேலைக்கு நின்றேன். அந்த வெக்கைக்கு வெள்ளைக்காரர் ஒருவரும் நிற்கமாட்டார்கள். நான் நின்றேன். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் வாசலில் கொடி பிடித்தார்கள். நான் பழஞ்சூளை ஒன்றைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்து, மாட்டுக் கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதற்குள் நிறுத்தினேன். அந்தக் கொட்டில்தான் பிறகு என் பட்டறை ஆனது. நூல் ஆலைகளில் நூல் ஓடுகிற வெள்ளை வளையம், மணல் வீசுகிற குழாயின் மூக்கு என்று இரும்பு தேய்ந்துபோகிற இடங்களுக்கெல்லாம் பீங்கான் சாமான் செய்து கொடுத்தேன். இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது நான். பனி கொட்டக் கொட்ட மாதா சொரூபத்தைத் தோளில் தூக்கித் திருநாள் நடத்திக் காட்டியது நான். ஊரில் என் தங்கச்சிக்கு இரண்டு தரம் வீடு கட்டினேன். முதல் வீட்டை ஷெல் விழுத்திவிட்டது. விளையாட்டுத் திடலுக்கு மதில் கட்டினேன். கடைசியாக, கொழும்புத்துறையில், கடலேரிக் காற்று முகத்தில் அடிக்கிற காணித்துண்டில், யாழ்ப்பாணத்தில் எவரும் கனவிலும் நினைத்திராத ஒரு பட்டறையைக் கட்டி எழுப்பினேன்.

இந்த மாதத்தோடு அந்தப் பட்டறைக்கு ஒரு வயது. கேக் வெட்டியிருக்கவேண்டிய இடம். பூட்டிக் கிடக்கிறது. திறப்பு என் தங்கச்சியின் மகன் ஜெறோமிடம் இருக்கிறது. அவன் அந்தத் தெருவாலேயே போவதில்லையாம்.

அண்மையில் ஒருநாள் காலை என் மகள் தொலைபேசி எடுத்தாள். எடுத்த உடனே ஜேர்மன் மொழியில் கதைக்கத் தொடங்கினாள். என் மகள் என்னோடு ஜேர்மனில் கதைப்பது இரண்டு சமயத்தில்தான். ஒன்று, யாராவது செத்துப்போனால். மற்றது, யாராவது சாகக்கூடும் என்று அவள் பயந்தால். நான் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

2

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறிஜிற் கலாநிதிப் பட்டம் எடுத்தவள். பெருமைக்குச் சொல்லவில்லை, அவளுடைய வேலையிடத்துக் கதவிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கதவில் இல்லாதது என் பெயர். ஜேர்மன்காரன் ஒருவனைக் கட்டி, அவனுடைய குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டாள். சூசைதாசன் என்ற பெயரை இங்கே ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது, அது உண்மைதான். வராவிட்டால் பழகட்டும் என்பது என் எண்ணம். அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. பேர்த்தி என்னை ஜேர்மன் பிள்ளைகளைப் போல 'ஓப்பா' என்கிறாள். நான் தமிழில் ஏதாவது சொன்னால் தாயைத் திரும்பிப் பார்க்கிறாள், ரேடியோவில் புரியாத செய்தி போனால் பார்க்கிறமாதிரி.

பிறிஜிற் வேலைசெய்யும் நிறுவனத்தில் அவள் உருவாக்கியது ஒரு தூள். பீங்கான் என்றால் உங்களுக்குக் கோப்பையும் பீரிசும்தான் ஞாபகம் வரும். இது வேறு சாதி. சிகரெட் புகையில் மிதக்கிற துகளைவிடச் சின்னத் துகள், நனோத்துகள் என்கிறார்கள். தனியே நின்றால் கண்ணுக்குத் தெரியாது, கூட்டமாக நின்றால்தான் வெள்ளைத் தூளாகத் தெரியும். துகள் எவ்வளவுக்குச் சின்னதோ, சுட்டெடுத்த சாமான் அவ்வளவுக்கு இறுக்கம். ஆனால் சின்னதுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். கட்டி விழுந்த தூளை அச்சில் போட்டு அமத்தினால், கட்டிகளுக்கு நடுவே ஓட்டை நின்றுவிடும். வெளியே தெரியாது.

என் மகள் என்ன செய்தாள் என்றால், ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியே ஒரு சட்டை போட்டுவிட்டாள். பொலிமர்ச் சட்டை. பிளாஸ்ரிக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய தோல். தோல் போர்த்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கடற்கரை மணலைப் போல வழுக்கி ஓடி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். அமத்தும்போது அந்தத் தோலே பசையாகி உருவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூளை. முதலில் மெல்லிய சூடு. தோல் ஆறுதலாக எரிந்து புகையாகிப் போகவேண்டும். அவசரப்பட்டால் புகைக்கு வழி கிடைக்காமல் சாமான் உள்ளுக்கே கீறும். தோல் போன பிறகு பெருஞ்சூடு. துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே உடம்பாகிவிடும். வெளியே எடுத்தால் உருக்கு அரத்தாலும் கீறமுடியாது.

அந்தத் தோலுக்கு ஒரு எதிரி இருக்கிறது. தண்ணீர். ஈரம் பட்டால் அச்சுக்குப் போகுமுன்பே பசையாகிவிடும். பீப்பாவின் மூடியில் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது, ஈரம் நீக்கிய அறைக்குள் மட்டும் திறக்கவும் என்று. ஜேர்மனில்தான் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும்.

3

இந்தத் தூள் கொழும்புத்துறைக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

நிறுவனத்துக்குப் பரீட்சைக்காகக் கொஞ்சம் உருண்டைகள் தேவைப்பட்டன. வீடுகளைச் சூடாக்குகிற கொதிநீர்க் குழாய்களில் வால்வுக்குள் இருந்து நீரை மறிக்கிற, தேசிக்காய், அதாவது எலுமிச்சை அளவு பீங்கான் உருண்டைகள். கையால் அச்சில் அமத்தி, கையால் தேய்த்து மினுக்குகிற வேலை. இங்கே அதற்கு ஆள் பிடிப்பது கடினம். நான் மகளிடம், "எனக்குத் தா" என்றேன்.

"அப்பா, சொந்த அப்பாவுக்கு வேலை குடுக்க எனக்கு அனுமதி இல்லை."

"அப்ப ஜெறோமுக்குக் குடு."

"ஜெறோமுக்கு ஒண்டும் தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவனுக்குத் தெரியவைப்பன். பட்டறை என்ரை காணியிலை, என்ரை சூளையோடை, அவன்ரை பேரிலை."

ஜெறோம் அப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். நல்ல கை. வள்ளத்தை விற்றுவிட்டு வா என்று சொன்னேன். விற்றுவிட்டு வந்தான்.

அவன் பெயரில் பதிந்தது தந்திரத்துக்காக மட்டும் இல்லை. வாய்க்கு அப்படிச் சொன்னாலும், என் பெயரில் பதியத்தான் முதலில் போனேன். பிரதேச செயலகத்தில் ஒரு பெண்பிள்ளை என் கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நீங்கள் இப்ப எந்த நாட்டுக்காரர்?"

"குருநகர்."

"குருநகர் நாடில்லை ஐயா."

"அதுக்கு நான் என்ன செய்ய பிள்ளை?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் பதியவில்லை. கடைசியில் பட்டறை, மின்சாரம், இறக்குமதி எல்லாம் ஜெறோமின் பெயரில் போயின. இங்கே நிறுவனத்தாருக்குத் தெரிந்ததும் அவன் பெயர் ஒன்றுதான். பட்டறை எழுப்பியவன் ஒருவன் பின்னால் இருக்கிறான் என்பதும், அவன் தங்கள் கலாநிதி அம்மாவின் தகப்பன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

பீப்பாக்கள் வழியில், கொழும்பு நகரத்துத் துறைமுகத்தில் மறிபட்டன. வெள்ளைத் தூள் என்றால் சும்மா விடுவார்களா? நானே நேரில் போனேன். சுங்கத்தில் தமிழ் கதைக்கிற உத்தியோகத்தர் ஒருவர் அகப்பட்டார், புத்தூர்க்காரர்.

"உது என்ன மா ஐயா?"

"மா இல்லைத் தம்பி. பீங்கான் செய்யிற தூள்."

"பீங்கான் செய்யிறதுக்கு ஜேர்மனியிலையிருந்தோ தூள் வரவேணும்? எங்கடை நாட்டிலை களிமண்ணுக்குப் பஞ்சமோ?"

"இது ஒவ்வொரு மணிக்கும் சட்டை போட்ட தூள்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை போட்ட தூளோ. சரி, இதிலை என்ன செய்யப் போறியள்?"

"குண்டு."

அவர் எழும்பி வந்து என் தோளைப் பிடித்துக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். "ஐயா, குண்டு எண்டு மட்டும் இஞ்சை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. உருண்டை எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி உங்களோடை சேர்த்து என்னையும் ஏத்திப்போடுவாங்கள்."

நான் உருண்டை என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரை உடையாமல் பீப்பாக்கள் வந்து சேர்ந்தன. மூடியின் ரப்பர் வளையத்தைக்கூட நான் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் போயிருக்க வழியில்லை.

4

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. புது வலை கடலில் இறங்குமுன் சுவாமி, கோயில் பாதிரியார், வந்து மந்திரிக்கவேண்டும். வலையைக் கட்டாக வைத்து மேலால் தெளித்துவிட்டுப் போனால் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கரையில் விரித்துப் போட்டு, மீன் வந்து விழுகிற மடி நனையத் தெளிக்கவேண்டும். உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம். மடியில் தீர்த்தம் படாத வலையை என் அப்பர் வள்ளத்தில் ஏற்றவே விடமாட்டார். பட்டறைத் திறப்பு விழாவுக்கும் அதே முறையில்தான் நான் ஒழுங்கு செய்தேன். வாழைக்குலை கட்டி, பலகாரம் வைத்து, குருநகரிலிருந்து சனத்தை வான் வண்டி பிடித்து இறக்கி, முற்றத்தின் நடுவில் முதல் பீப்பாவை நிறுத்தினேன்.

சுவாமி தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். நான் ஜெறோமைப் பார்த்து, "மூடியைத் துற" என்றேன்.

ஜெறோம் அசையவில்லை. என் மகள் வீடியோவில் பாடம் நடத்தி அவனைப் பழக்கியிருந்தாள். அந்தக் கூட்டத்திலும் முகமூடி போட்டுக்கொண்டு நின்றவன் அவன் ஒருத்தன்தான்.

"மாமா, மச்சாள் சொன்னவ, காத்துப்படத் துறக்கக் கூடாதாம். அந்த அறைக்குள்ளை வைச்சுத்தான் துறக்கவேணுமாம்."

"டேய், மூடிக்கு மேலை தெளிச்சால் மூடிக்குத்தானே ஆசீர்வாதம்? வலையைச் சாக்குக்குள்ளை கட்டி வைச்சோ மந்திரிக்கிறவங்கள்?"

சனம் சிரித்தது. சுவாமி இளம் வயதுக்காரர், நயமாகச் சொல்லிப் பார்த்தார். "சூசை அண்ணை, கடவுளுக்கு ஒரு மூடி தடையோ?"

"கடவுளுக்குத் தடையில்லைச் சுவாமி. தண்ணிக்குத் தடை."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் தங்கச்சி பின்னாலிருந்து, "அண்ணை சொன்னால் சொன்னதுதான், துறந்து விடன்ரா" என்று மகனை அதட்டினாள். ஜெறோம் மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளைவெளேரென்று, அலை அடித்துப் போன மணலைப் போல அசையாமல் கிடந்தது. சுவாமி ஒரு தரம் தெளித்தார், அளவாகத்தான். நான்தான், "பெலத்துத் தெளியுங்கோ சுவாமி" என்றேன். அவர் மறுபடி தெளித்தார். கடலேரிப் பக்கமிருந்து காற்று வந்து மேல்தூளைக் கொஞ்சம் கிளப்பியது. அது புகையாகவும் இல்லை, தூசியாகவும் இல்லை. எழும்பி, விழ மனமில்லாததுபோல் அப்படியே நின்றது.

தண்ணீர் பட்ட இடங்கள் திட்டுத் திட்டாக இருண்டிருந்தன. அது பார்வைக்கு அழகில்லை என்று சட்டைக் கையை மடித்துவிட்டு நானே கையை விட்டேன். புட்டுக்கு மாக் குழைக்கிறமாதிரிக் கிளறி, நனைந்ததை அடிக்குத் தள்ளி, காய்ந்ததை மேலே கொண்டுவந்தேன். விரலுக்குச் சின்னச் சின்னக் கட்டி பட்டது. நசித்துவிட்டேன். நசிபடாததை விட்டுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பலகாரம் பரிமாறும்போது ஜெறோம் கிட்ட வந்தான். "மாமா, இந்தப் பீப்பாவைத் தனியா ஒதுக்கி வைப்பமே?"

"ஒதுக்கி வைக்கிறதுக்கோ மந்திரிச்சது? முதல் அச்சே இதிலைதான்."

சொன்னபடி செய்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் சூளைக்குத் தீ வைத்ததும் நான்தான்.

5

சூளையைத் திறந்தபோது உருண்டைகள் எப்படி இருந்தன தெரியுமா? நான் என் வாழ்நாளில் அவ்வளவு வெள்ளையைக் கண்டதில்லை. ஜெறோம் ஒவ்வொன்றாக மினுக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கினான். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. ஒன்றையொன்று தட்டினால் கோயில் மணியின் சின்னப் பிள்ளையைப் போலச் சத்தம் வந்தது. "பாத்தியோ, தீர்த்தத்தின்ரை வேலை" என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு வந்த பீப்பாக்களை என் மகள் சொன்னபடியே அறைக்குள் திறந்தான். நான் ஜேர்மனிக்குத் திரும்பினேன்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறதென்றால், காலையில் சாப்பாட்டுக்குப் பாண் கடை, பிறகு என் பழைய பட்டறை. அங்கே இப்போது வேலை குறைவு. வாங்குப் பலகையில் இருந்து சூளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியானம் ஏதாவது கந்தோருக்குப் போகவேண்டியிருக்கும். இந்த நாட்டில் கிழவனானாலும் கடதாசி விடாது. இத்தனை காலம் ஆகியும் ஜேர்மனில் மரியாதைச் சொல் என் நாக்கில் நிற்பதில்லை. போன மாதம் ஓய்வூதியக் கந்தோரில் ஒரு பெரிய அம்மாவை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா. மன்னிப்புக் கேட்கப் போய் அதிலும் 'நீ' விழுந்துவிட்டது. மகள் வீட்டுக்குப் போய்ப் பேர்த்தியிடம் சொன்னால் அவள் சிரிக்கக்கூட இல்லை. சரியான சொல்லை எனக்குத் திருத்திச் சொல்லித் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி வந்தது. உருண்டை ஒன்று பரீட்சை மேசையில் வெடித்துவிட்டது.

மகள் வீட்டுக்குப் போனேன். குசினியில் இருத்தினாள். கணினியில் ஒரு படம் காட்டினாள், வெடித்த துண்டைப் பூதக்கண்ணாடிக்கும் மேலான ஒரு கண்ணாடியால் எடுத்த படம். எங்கும் ஒழுங்காக, மீன்செதிலைப் போல நெருங்கியிருந்த மணிகளுக்கு நடுவில் ஒரு கறுத்தப் பொந்து. பொந்தைச் சுற்றி மணிகள் கண்டபடி ஊதிப் பெருத்திருந்தன.

"இதிலை உப்பு இருக்கு அப்பா. உப்பும் கட்டியும். ஒரு பீப்பாவிலை செய்த உருண்டையளிலை மட்டும்."

இரும்பு என்றால் உடையுமுன் வளைந்து காட்டும். மரம் முனகும். பீங்கான் ஒன்றும் காட்டாது. உள்ளே பொந்தை வைத்துக்கொண்டு வெளியே மினுங்கிக்கொண்டிருக்கும், பாரம் சரியான இடத்தில் வந்து விழுகிறவரைக்கும். "மற்ற உருண்டையள் எங்கை?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் திரும்பி வந்திட்டுது. கொஞ்சத்தை ஓடவிட்டுப் பாக்கவெண்டு ஏற்கெனவே பூட்டியாச்சு, கொதிநீர் நிலையங்களிலை. எது எங்கை எண்டு வாங்கினவை வடிவாச் சொல்லேல்லை."

நாங்கள் இருக்கிற தெருவுக்குக் கீழேயும் அப்படி ஒரு கொதிநீர்க் குழாய் ஓடுகிறது. குளிர்காலத்தில் அந்த வழியில் மட்டும் பனி கரைந்து கறுத்த கோடாக நிற்கும். நான் இப்போது அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டி நடக்கிறேன். மிதித்தால் என்ன, மிதிக்காவிட்டால் என்ன. ஆனாலும் தாண்டுகிறேன்.

"நிறுவனம் என்ன சொல்லுது?"

"உள்ளூர் ஊழியர் பீப்பாவைக் கடற்காத்திலை திறந்து விட்டிட்டார் எண்டு அறிக்கை எழுதியாச்சு. ஜெறோமின்ரை பேரோடை." அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பா, அங்கை உண்மையா என்ன நடந்தது?"

நான் சொன்னேன். தீர்த்தம், கிளறினது, கட்டி பட்டது எல்லாம். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கள் இதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"அவைக்கு நீங்கள் என்ரை அப்பா எண்டு தெரியாது. தெரிஞ்சால், சொந்தக்காரருக்கு வேலை குடுத்து மறைச்சவள் எண்டு என்னை அனுப்பிப்போடுவினம். இந்தத் தூளையே என்னட்டையிருந்து எடுத்துப்போடுவினம்."

"ஜெறோம்?"

"ஜெறோம் கடலுக்குத் திரும்பிப் போகலாம். எனக்குப் போக எந்தக் கடல் இருக்கு அப்பா?"

"அவனிட்டை வள்ளம் இல்லை பிள்ளை. நான்தான் விக்கச் சொன்னனான்."

அவள் கணினியை மூடினாள். இதுவரைக்கும் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, அதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். ஆனால் நடந்தால் யாரைக் காட்டுவது என்று ஒரு பெயரைத் தயாராக எழுதி வைத்துவிட்டார்கள். எங்கோ ஒரு குழாய்க்குள், கொதிக்கிற தண்ணீருக்குக் குறுக்கே, அந்த உருண்டை இருக்கிறது. அது உடைகிற நாளில் பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன நடக்குமோ எனக்குத் தெரியாது. ஜெறோமுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். வக்கீல் கடதாசி முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

6

ஜெறோமோடு கதைத்தேன். முதல் சில தரம் அவன் எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். சந்தைச் சத்தம் கேட்டது. இப்போது அவன் வேறு ஆட்களுடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். கரையில் அவனை 'வெடிப்பெட்டி' என்று கூப்பிடுகிறார்களாம்.

"ஏன்ரா நீ ஒண்டும் சொல்லேல்லை? மாமாதான் துறக்கச் சொன்னவர் எண்டு அவைக்கு நீ ஏன் எழுதேல்லை?"

"எப்பிடி எழுதிறது மாமா? சுவாமியை இழுக்கிறதோ? மச்சாளை இழுக்கிறதோ? நீங்கள் கட்டின பட்டறை. நான் மூடி துறந்த ஆள்தானே."

"நான் எழுதப் போறன். உன்ரை பேரை எடுத்துப்போட்டு என்ரை பேரைப் போடச் சொல்லி."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"மாமா, மதிலிலை உங்கடை பேர். கோயில் வாங்கிலை உங்கடை பேர். அம்மான்ரை வீட்டு வாசலிலையும் உங்கடை பேர். இதிலையுமோ உங்களுக்குப் பேர் வேணும்?"

"ஓம். இதிலையும்தான்."

"மச்சாள்?"

இதை எழுதி முடித்துவிட்டு, அனுப்புமுன் மகளுக்குத் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பகல் வேளை, அவள் வேலையிடத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கேயும் மறிக்கவில்லை. புரியாத தமிழ்ச்சொல் வந்த இடத்தில்கூட என்னவென்று கேட்கவில்லை. முடிந்ததும் ஜேர்மனில் பதில் சொன்னாள். சின்னப் பதில். அதை இங்கே எழுதப்போவதில்லை.

தீர்த்தத்தில் பிழை என்று நான் சொல்லவில்லை. வலைக்கு அது காவல்தான், இன்றைக்கும் என் பேரில் ஒரு வலை இறங்குமென்றால் சுவாமியைக் கூப்பிடுவேன். சுவாமியிலும் பிழையில்லை, அவர் அளவாகத் தெளித்தவர். என் மகளின் தூளில் பிழையில்லை; அவள் ஒவ்வொரு துகளுக்கும் தோல் போர்த்து, மூடிக்கு மேலே சிவப்பில் எழுதியும் அனுப்பினாள். ஜெறோமில் பிழையே இல்லை. அவன் இரண்டு தரம் சொன்னான், இரண்டு தரமும் நான் அவனை அடக்கினேன். வழியில் யாரும் திறந்திருக்கலாம், காற்றால் வந்திருக்கலாம் என்று யாராவது எனக்காக இரக்கப்பட்டுக் கதை கட்டவும் வேண்டாம். முத்திரை உடையாமல் வந்தது. உடைப்பித்தவன் நான்.

ஆகையால் அந்த நிறுவனத்தாருக்கும், இதை வாசிக்கிற குருநகர், கொழும்புத்துறைச் சனத்துக்கும் ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன். பூட்டிய உருண்டைகள் எங்கே எங்கே இருக்கின்றன என்று தேடிப்பிடித்துக் கழற்றுங்கள். அதற்கு என் பட்டறையில் இருக்கிற எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் அறிக்கையை இன்றைக்கே திருத்துங்கள். அந்தப் பட்டறையை நிறுத்தியவன் நான். பீப்பாவைத் திறக்கச் சொன்ன வாய் என்னுடையது, கிளறிய கை என்னுடையது, முதல் சூளைக்குத் தீ வைத்தவன் நான். மனுவேல் சூசைதாசன், குருநகர். அந்தப் பெயரை நீங்கள் முழுதாக எழுதவேண்டும், உங்கள் வாய்க்கு வருகிறமாதிரிச் சுருக்கக் கூடாது. ஜெறோமின் பெயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் எழுதவேண்டும். அவன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.